காளவாயில் எரிந்த கடல்கல்

அந்தக் கற்கள் முதன்முதலாக எங்கள் காளவாய்க்கு வந்து இறங்கிய அன்றே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அப்போது எனக்குப் பதினைந்து வயது இருக்கும். எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம்.

திருவண்ணாமலையில் அத்தா சுண்ணாம்புக் காளவாய் வைத்திருந்தார். வேங்கிக்கால் போகிற வழியில், அன்றைக்கு வெறும் பொட்டலாகக் கிடந்த இடம். அதுவரை கிளிஞ்சலும் சுக்கான்கல்லும்தான் சுட்டு விற்றோம். தீபத்துக்கு முன்னால் ஊரே வெள்ளையடிக்கும். ஆசிரமத்துப் பக்கம் வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடும் அறைகளுக்கெல்லாம் பளீரென்ற வெள்ளை வேண்டும் என்பார்கள். பொங்கல் நெருங்கினால் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து விவசாயிகள் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். கேட்கிற அளவுக்குக் கொடுக்க அத்தாவிடம் சரக்கு இருக்காது.

கீழ்பென்னாத்தூரிலிருந்து தெற்கே அரிசி ஏற்றிப்போகும் லாரி ஒன்று வெறுமையாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. அந்த டிரைவர்தான் சொன்னார், ராமநாதபுரத்துக் கடற்கரையில் கடலுக்குள்ளிருந்து கல் வெட்டிக் குவித்திருக்கிறார்கள், சுட்டால் பால் மாதிரி வெள்ளை வருகிறது என்று. அடுத்த நடையில் லாரி நிறையக் கொண்டுவந்து இறக்கினார்.

கல் என்றால் நான் மலையைத்தான் பார்த்து வளர்ந்தவள். இவை அப்படி இல்லை. சில கற்கள் மான் கொம்பு மாதிரி கிளை விட்டிருந்தன. சில, ஆட்டு மூளையைப் போல மடிப்பு மடிப்பாக இருந்தன. எல்லாவற்றின் மேலும் ஊசி குத்தினாற்போலக் கண்கள். சரியாகக் காயாமலே ஏற்றியிருந்தார்கள் போல, அழுகிய மீன் நாற்றம் காளவாய் முழுக்க அடித்தது. ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அதன் துளைக்குள்ளிருந்து மெல்லிய கால்கள் வெளியே நீண்டு என் விரலைத் தொட்டன. அலறிக்கொண்டு கீழே போட்டேன். குட்டி நண்டு ஒன்று நொண்டி நொண்டிக் கரித்தூளுக்குள் போயிற்று.

"கல்லுதாம்மா. ஏதோ பூச்சி உள்ள பூந்துக்கிச்சு, அவ்ளோதான்" என்றார் அத்தா.

அன்று மாலை காளவாயை மூட்டினார்கள். நெருப்புக்குள் கற்கள் வெடிக்கும் சத்தம் கேட்டபோது நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

சுண்ணாம்பு என்னவோ பிரமாதமாக வந்தது. "பாய், கடல்கல் சுண்ணாம்பு இருக்கா? ஜாஸ்தி வேணும்" என்று தேடி வந்தார்கள். கல் அனுப்பும் ஆளைப் பார்க்க அத்தா ஒரு தடவை அங்கே போய் வந்தார். கல் அனுப்புகிறவர் ஓர் இளைஞர், தகப்பனார் இல்லாதவர், சொந்தத்தில் வள்ளம் வைத்துக் கல் வெட்டுகிறவர். நல்ல பிள்ளை என்று அத்தாவுக்குத் தோன்றிவிட்டது. மறு வருஷம் அக்காவை அவருக்கே கட்டிக் கொடுத்தார். அத்தனை தூரத்தில் பெண்ணைக் கொடுப்பதில் அம்மாவுக்கு மனமே இல்லை. "அங்க கடலு வாசல்லியே இருக்காமே" என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

அக்கா முதல் பிரசவத்துக்கு வந்து, பையனைப் பெற்றெடுத்து, மூன்று மாதம் கழித்துத் திரும்பிப் போகும்போது துணைக்கு என்னையும் அனுப்பினார்கள். ஐப்பசி மாதம். அதுவரை கடலைக் கண்ணால் கண்டதில்லை நான்.

மச்சானின் வீடு கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. அவருடைய தாயார் ஊருக்குள் மூத்த மகனோடு இருந்தார். ஓட்டு வீடு, முன்னால் பெரிய முற்றம், முற்றத்தின் மேற்கு ஓரத்தில் ஆள் உயரத்துக்கும் மேலாகக் குவித்து வைத்த கல். அங்கே அதை முருகைக்கல் என்றார்கள், படித்தவர்கள் பவளப்பாறை என்பார்கள். வெட்டிய ஈரத்தோடு வரும்போது பழுப்பும் பச்சையும் ஊதாவுமாக இருக்கும். வெயிலில் கிடக்கக் கிடக்க வழுவழுப்பு வடிந்து, நாறி, கடைசியில் எலும்பாக வெளுக்கும். எங்கள் ஊருக்கு வருவது அந்த வெளுத்த எலும்பு என்று அங்கேதான் எனக்குத் தெரிந்தது.

வந்த புதிதில் நான் சரியாகத் தூங்கவில்லை. அலைச் சத்தம் ஓயும் என்று காத்துக்கொண்டே இருப்பேன். அது ஓயவில்லை.

கடல் அமைதியாக இருந்த ஒரு காலையில் மச்சான் எங்களை வள்ளத்தில் ஏற்றிப் போனார். அக்காவுக்கு ஆசை. நான் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தேன். கொஞ்ச தூரம் போனதும், "கீழ பாரு" என்றார். பார்த்தேன். கண்ணாடி மாதிரித் தண்ணீர். அதற்கடியில் ஒரு தோட்டம். அப்படித்தான் சொல்லத் தெரிகிறது. கிளைகளும் தட்டுகளும் குடைகளுமாக ஒன்றன்மேல் ஒன்று வளர்ந்திருந்தன. நடுவில் மஞ்சளும் நீலமுமாகக் குட்டி மீன்கள் கூட்டம் கூட்டமாகப் புகுந்து வெளியே வந்தன. ஒரு நிமிஷம் என் பயம்கூட மறந்துபோயிற்று.

வள்ளம் நகர்ந்தது. தோட்டம் சட்டென்று முடிந்தது. அதற்கப்புறம் வெறும் குழி. உடைந்த சில்லும் வெள்ளை மணலும், ஒரு மீன்கூட இல்லை. சுடுகாட்டைப் பார்த்தாற்போல இருந்தது.

"இதெல்லாம் வெட்டின எடம்" என்றார் மச்சான்.

"திரும்ப வளராதா மச்சான்?"

"வளரும், வளரும். கடல்ல இல்லாத கல்லா?"

"எவ்ளோ நாள்ல?"

அவர் துடுப்பைப் போட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து இறங்கும்போது, கேட்காமலே, "எங்க வாப்பா வெட்டின எடம் இன்னும் அப்படியேதான் கெடக்கு" என்றார்.

அடுத்த வாரம் குப்பத்திலிருந்து மீனவப் பெண் ஒருத்தி முற்றத்துக்கு வந்து நின்றுகொண்டு சத்தம் போட்டாள். ஒல்லியான, நாற்பது வயதுப் பெண். மச்சான் வெளியே போயிருந்தார்.

"ஏத்தா, ஒம் புருசங்கிட்ட சொல்லு. அது கல்லு இல்ல, எங்க பாரு. ஓரா மீனும் கலவாய் மீனும் குஞ்சு பொரிச்சுக் கெடந்த எடம். எல்லாத்தையும் கடப்பாரை போட்டுப் பேத்துப்புட்டு, இப்ப எம் மகன் வெறும் வலையோட வாரான்."

நாங்கள் வள்ளத்திலிருந்து பார்த்த அந்தத் தோட்டத்தைத்தான் அங்கே பாரு என்பார்கள். அக்கா பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். "எனக்கு என்னாங்க தெரியும்? அவரு வந்ததும் சொல்றேங்க."

"மீனு போனாக்கூடப் போகுது. அலை முந்தி அந்தப் பாருலயே முட்டி ஒடைஞ்சுரும். கரைக்கு வெறும் நொரைதான் வரும். இப்ப எங்கிட்டு வருதுன்னு பாத்தியா? எங்க தென்னை ரெண்டும் சாஞ்சு போச்சு. கெணத்துத் தண்ணி உப்புக் கரிக்குது. நீயும் இங்கனதான புள்ளைய வச்சுக்கிட்டு இருக்க?"

அவள் போன பிறகு நான் கரைக்குப் போய்ப் பார்த்தேன். சாய்ந்த தென்னைகளின் வேர்கள் கடலுக்குள் கிடந்தன. அன்றிலிருந்து தினமும் காலையில் எழுந்ததும் முற்றத்துச் சுவரிலிருந்து அலை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்ப்பது என் வழக்கமாயிற்று. ஊருக்கு அழைத்துப் போகச் சொல்லி அத்தாவுக்குச் சொல்லியனுப்ப நினைத்தேன். அக்காவைத் தனியே விட மனம் வரவில்லை.

கார்த்திகை பிறந்து சில நாளில் புயல் வந்தது. ரேடியோவில் சொன்னார்களாம். எங்கள் வீட்டில் ரேடியோ இல்லை. மச்சான் லாரி பேச ராமநாதபுரம் போயிருந்தார். விடிந்ததிலிருந்தே வானம் ஒரு மாதிரி செம்பு நிறத்தில் இருந்தது. காற்று முதலில் வடக்கிலிருந்து அடித்தது. மதியத்துக்கு மேல் கொஞ்ச நேரம் நின்று, அப்புறம் கடல் பக்கமிருந்து திரும்பியது. ஓடுகள் சீட்டுக்கட்டு மாதிரிப் பறந்தன. குழந்தை வீறிட்டு அழுதான். அந்தச் சத்தம் பக்கத்தில் இருந்த எனக்கே கேட்கவில்லை.

முதலில் வாசல்படிக்குத் தண்ணீர் வந்தது. மழைத் தண்ணீர் என்று நினைத்து முறத்தால் தள்ளினேன். தெறித்து வாயில் பட்டது. உப்பு.

"அக்கா, கடலு உள்ள வருது!"

அக்கா டிரங்குப் பெட்டியை இழுத்துக் கட்டில்மேல் வைக்கப் பார்த்தாள். அடுத்த அலையில் கட்டிலே மிதந்தது. "சாமான் வேணாண்டி, புள்ளைய வாங்கு, புள்ளைய வாங்கு" என்று கத்தினாள். தண்ணீர் முழங்காலுக்கு வந்து, பின்வாங்கி, இடுப்புக்கு வந்தது. பின்வாங்கும்போதுதான் அதன் பலம் தெரிந்தது. காலுக்கடியில் தரையையே உருவிக்கொண்டு போயிற்று.

வாசலில் அந்த மீனவப் பெண் நின்றாள். குப்பம் முழுக்கத் தண்ணீர்க்காடு, குடிசைக்குத் திரும்ப வழியில்லை, ஊர்ப் பக்கம் போகிற பாதையில் கழுத்தளவு ஓடுகிறது என்றாள். "மேல ஏறுங்க! அந்தக் கல்லு மேல ஏறுங்க!"

முற்றத்தில் உயரமாக இருந்தது அந்தக் குவியல் ஒன்றுதான். ஏறினோம். வெறுங்கால். ஒவ்வொரு அடிக்கும் கல் கத்தியாகக் கிழித்தது. அப்போது வலி தெரியவில்லை. குழந்தையை என் தாவணியால் தன் முதுகோடு இறுக்கிக் கட்டியிருந்தாள் அக்கா. உச்சியில் அவனை அவிழ்த்து நடுவில் போட்டு, மூன்று பேரும் குப்புறப் படுத்துக்கொண்டோம். அலை ஒவ்வொன்றும் வந்து குவியலின் அடியில் மோதும்போது கற்கள் உருண்டு உள்ளே போகும் சத்தம் கேட்டது. குவியல் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்துகொண்டே இருந்தது. அக்கா கலிமா சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் தன் சாமியைக் கூப்பிட்டாள். கண்ணெதிரே வீட்டின் கடல் பக்கச் சுவர் அப்படியே மடங்கி விழுந்தது.

எவ்வளவு நேரம் கிடந்தோம் என்று எனக்குத் தெரியாது. இருட்டுவதற்கு முன்னால் தண்ணீர் இறங்கியது. குழந்தை குளிரில் நீலம் பாரித்திருந்தான். அந்தப் பெண் தன் வயிற்றோடு வைத்துத் தேய்த்துத் தேய்த்துச் சூடேற்றினாள். அவன் அழுத பிறகுதான் அவள் எழுந்து தன் குடிசையைத் தேடிப் போனாள். குடிசை இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. பிள்ளைகள் ஊருக்குள் பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு ஓடித் தப்பித்திருந்தார்கள். நடக்க முடியாத மாமியாரை மட்டும் மறுநாள் முள்காட்டில் கண்டெடுத்தார்கள்.

செய்தி கேட்டு அத்தா கிடைத்த பஸ்ஸிலெல்லாம் ஏறி, பாதித் தூரம் நடந்து, மூன்றாம் நாள் வந்து சேர்ந்தார். எங்களைக் கண்டதும் முற்றத்துச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். அத்தா அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பிறகு கரையோரமாகவே நடந்து அடுத்த குப்பத்துக்குப் போனார். சாப்பிட ஏதாவது கிடைக்குமா என்று பார்க்கத்தான் போனார். திரும்பி வந்தபோது அவர் முகம் வேறாக இருந்தது.

"அங்க குடிசைங்க நிக்குது" என்றார், மறுநாளே ராமநாதபுரத்திலிருந்து வந்துவிட்டிருந்த மச்சானிடம். "ஓலை பறந்திருக்கு, அவ்ளோதான். தண்ணி உள்ள வரலியாம். கேட்டா, எங்க பாருல கல்லு வெட்ட நாங்க வுடலன்றாங்க. நெஜமா மாப்ள?"

மச்சான் தலையைக் குனிந்துகொண்டார்.

"எம் பொண்ணு வூட்டு வாசல்ல இருந்ததையா எனக்கு லாரி ஏத்தி அனுப்பினீங்க?"

"கல்லு கேட்டது நீங்கதான மாமா. நான் அனுப்பாட்டி வேற ஆளு அனுப்புவான். நீங்க வாங்காட்டித் தூத்துக்குடியில வாங்குவான். கடலு இப்படி வரும்னு யாருக்குத் தெரியும்?"

"அந்தம்மாவுக்குத் தெரிஞ்சிருக்குதே" என்றாள் அக்கா. அவள் சத்தமாகக்கூடப் பேசவில்லை.

எங்களை ஊருக்குக் கூட்டிவந்தார் அத்தா. பயம் எங்களோடேயே வந்தது. என் இடது பாதத்தில் கிழிபட்ட இடம் ஆறவே இல்லை. வீங்கி, சீழ் வைத்து, காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியில் காலை எடுக்க வேண்டி வந்தாலும் வரும் என்று டாக்டர் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்குக் கல்யாணம் ஆக வேண்டிய வயசு. அந்த நாட்களில் நான் எழுந்ததும் முதலில் போர்வைக்குள் கையை விட்டுப் பாதம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பேன். ஒருநாள் காயத்தைக் கீறிச் சுத்தம் செய்தபோது உள்ளேயிருந்து நகக்கண் அளவுக்கு வெள்ளைச் சில்லு ஒன்றை எடுத்தார்கள். "இதென்னா, எலும்பா?" என்றாள் நர்ஸ். அதற்குப் பிறகு மெல்ல ஆறியது. இன்றும் அந்த இடத்தில் உணர்ச்சி கம்மி.

அக்காவின் பயம் வேறு விதம். மலைமேல் மழை பெய்து தெருவில் தண்ணீர் ஓடினால் போதும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடிவிடுவாள். "அக்கா, இது மலைத் தண்ணி, குளத்துக்குப் போற தண்ணி" என்று நான் சொல்வேன். தலையை ஆட்டுவாள். ஆனால் இறங்க மாட்டாள். அவள் பின்னாலேயே நானும் மாடிக்குப் போய் நின்றிருக்கிறேன்.

தீபம் நெருங்கிக்கொண்டிருந்தது. புயலுக்கு முன்னால் வந்த ஒரு லாரிக் கல் காளவாய் அருகில் கிடந்தது. அத்தா அதற்கு நெருப்பு வைக்கவில்லை. வேலையாட்கள் கேட்டபோது, "வாணாம். அத்தப் பாத்தா எனக்கு எம் பேரன் ஞாபகம் வருது" என்றார். கடல்கல் சுண்ணாம்பு கேட்டு வந்தவர்களிடம் இனிமேல் கிடையாது, சுக்கான்கல்தான் என்றார். "அது மங்கலா இருக்கும் பாய்" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார்கள். ஊரில் இன்னொரு காளவாய்க்காரர் அதே லாரியைப் பேசி அதே மாதிரிக் கல்லை இறக்கினார். அந்த வருஷமும் ஊர் பளபளவென்றுதான் இருந்தது. எங்கள் வியாபாரம் பாதியாகக் குறைந்தது. மச்சான் சொன்னது சரிதானே, நாம் ஒருவர் நிறுத்தி என்ன ஆகப்போகிறது என்று அம்மா முனகினாள். ஆனாலும் அத்தா வாங்கவில்லை.

மச்சான் சில மாதம் கழித்து வந்தார். இளைத்திருந்தார். இரண்டு நாள் காளவாய் ஓரம் உட்கார்ந்திருந்தார். பிறகு அக்காவிடம், "வள்ளத்தை வித்துட்டேன். நீ அங்க வர வேணாம், நான் இங்கனயே இருந்துக்கிறேன்" என்றார். பஸ் ஸ்டாண்டு பக்கம் பழக்கடை போட்டார். கடலில் பிறந்த மனிதர் மலையடிவாரத்தில் ஆரஞ்சுப் பழத்தை அடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருக்கும். அந்த மீனவப் பெண்ணுக்குக் குடிசை போட அவர் வள்ளம் விற்ற பணத்திலிருந்து கொடுத்தார் என்பதை அக்காதான் வெகுநாள் கழித்துச் சொன்னாள். வாங்கிக்கொண்டாளாம்.

எண்பதுகளில் அந்தக் கடலையும் அதன் தீவுகளையும் அரசாங்கம் காப்பாற்ற வேண்டிய இடம் என்று அறிவித்து, கல் வெட்டக் கூடாது என்றது. அதற்குள் அங்கே தண்ணீர் மட்டத்துக்குத் தாழ்ந்துபோன தீவும் உண்டு என்றார்கள். அறிவிப்புக்குப் பிறகும் திருட்டுத்தனமாக வெட்டினார்கள் என்றும் கேள்வி. கல் வெட்டியே பிழைத்தவர்களுக்கு அடுத்த வேளைக்கு என்ன வழி என்று யாரும் சொல்லவில்லை என்பார் மச்சான்.

அவருடைய வீட்டு மனையை விற்க ஒருமுறை எல்லோரும் போனோம். எனக்கு அப்போது கல்யாணம் ஆகி ஒரு பெண் குழந்தையும் இருந்தாள். முற்றம் இருந்த இடத்தில் அலை வந்து போய்க்கொண்டிருந்தது. வேலை முடிந்ததும் மச்சான் ஒரு வள்ளத்தையும் துடுப்புப் போட ஒரு வயசுப்பையனையும் கேட்டு வாங்கினார். "ஒருவாட்டி பாத்துட்டு வந்துர்றேன்" என்றார். அக்கா வரவே மாட்டேன் என்று கரையில் குழந்தைகளோடு உட்கார்ந்துவிட்டாள். ஏனென்று தெரியவில்லை, நான் ஏறிக்கொண்டேன். பலகையை அதே மாதிரிப் பிடித்துக்கொண்டேன்.

வெட்டின குழிக்கு மேல் வள்ளத்தை நிறுத்தி, சட்டையைக் கழற்றிவிட்டு மச்சான் தண்ணீரில் குதித்தார். அன்றைக்குக் கடல் கலங்கலாக இருந்தது. அவர் போன இடத்தில் குமிழி வந்தது, பிறகு அதுவும் நின்றது. துடுப்போடு உட்கார்ந்திருந்த அந்தப் பையன் கவலைப்படாமல் பீடி பற்றவைத்தான். அவர் வர மாட்டார், இந்தத் தண்ணீர் எடுத்துக்கொண்டுவிட்டது, கரையில் இருக்கும் அக்காவிடம் நான் என்ன சொல்வேன் என்று நினைத்தேன். "அவரு இன்னும் வரலியே, பாரேன், பாரேன்" என்று அந்தப் பையனைப் பிடித்து உலுக்கினேன்.

வள்ளத்தின் மறுபக்கம் தலை தெரிந்தது. மூச்சு வாங்க, விளிம்பைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் தொங்கினார். வெறுங்கையோடுதான் வந்திருந்தார்.

"இருக்கு" என்றார். "அங்கங்க ஒட்டியிருக்கு. இம்புட்டுத்தான்." தன் சுண்டுவிரலை நீட்டிக் காட்டினார்.

"உயிரோடவா?"

"உசுரோடதான். ஊதா நெறம்." பிறகு கரைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஆனா எம் மகன் காலத்துலகூட முழுசா வராது" என்றார்.

அந்தப் பையன் வள்ளத்தைத் திருப்பினான். கரை நெருங்கும்வரை நான் பலகையிலிருந்து கையை எடுக்கவில்லை.